கூடை ஒரே படத்தில் தெரியாது

உயிர்ச் செல்லுக்குள் சரக்கைப் பொதிந்து அனுப்பும், கிளாத்ரின் என்ற புரதத்தால் ஆன கூடையை எலக்ட்ரான் நுண்ணோக்கி 'படம் பிடித்தது' என்று உங்கள் கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது. எலக்ட்ரானை அதிகம் பாய்ச்சினால் புரதம் சிதைந்துவிடும். குறைத்துப் பாய்ச்சினால் படம் மங்கல். அதனால்தான் ஏராளமான கூடைகளின் படங்களைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி எடுக்கிறார்கள்.

படமெடுக்கும் முன் கூடைகளைத் தண்ணீரோடு உறைய வைப்பதும் லேசான வேலை இல்லை. தண்ணீர் படிகமாகக் கூடாது. திரவ ஈத்தேனில் சட்டென்று முக்க வேண்டும். சுவிஸ் விஞ்ஞானி ஜாக் டுபோஷேவுக்கு 2017 நோபல் கிடைத்ததே இதற்காகத்தான்.

அப்புறம், 2004இல் வெளியான கிளாத்ரின் அமைப்பைத் தேடிப் பாருங்கள். மூன்று கால் கொண்ட கிளாத்ரின் மூலக்கூறுகள் 36 சேர்ந்து, 12 ஐங்கோணமும் 8 அறுகோணமுமாகப் பின்னிய கூடை. ஏறக்குறைய கால்பந்துதான், கொஞ்சம் நீண்டிருக்கும்!