சிகப்பு மூடி ஊசியும் அந்த ஆடியோவும்

நெல்லை மாவட்டத்து முக்கூடல் ஆச்சி பற்றிய அந்த ஆடியோவை மூன்று நாளாக ஆள் மாற்றி ஆள் எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்கிற ஆச்சிக்கு ஒரு நாள் மருந்து கூடிப்போய், சுகர் இறங்கி நினைவு தப்பிவிட்டது. அதைக் கேலி செய்கிற ஆடியோ அது. "ஊசி கூடப் பாத்துப் போடத் தெரியாததுகளுக்கு ஓசியில மருந்து எதுக்குவே குடுக்கணும்" என்று பேசி, முடிவில் ஒரு சிரிப்பு. பேச்சைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்தச் சிரிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை.

அண்ணாச்சி, ஆச்சி ஊசியைத் தப்பாகப் போடவில்லை. தினமும் போடுகிற 20 யூனிட்டை, தினமும் போடுகிற சிகப்பு மூடி சிரிஞ்சில்தான் எடுத்தார்கள். மருந்துதான் மாறிப்போனது.

இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். நம் ஊரில் குப்பியில் வரும் மனித இன்சுலின் (நம் உடம்பு சுரப்பதைப் போலவே செய்த மருந்து) பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். 10 மில்லி குப்பி, ஆக 400 யூனிட். அதற்குச் சிகப்பு மூடி சிரிஞ்சு. பேனா மாதிரி இருக்கிற ஊசிக் கருவியில் போடுகிற மருந்துக் குழாய், அதாவது கார்ட்ரிட்ஜ், 3 மில்லிதான், ஆனால் ஒரு மில்லிக்கு 100 யூனிட். 100க்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. இரண்டு மருந்திலும் பெட்டியில் 30/70 என்றுதான் போட்டிருக்கும், வேகமாக வேலை செய்கிறதும் மெதுவாக வேலை செய்கிறதும் கலந்த விகிதம் அது. குலுக்கினால் இரண்டும் ஒரே பால் நிறம். ஆச்சியின் குப்பி கைதவறி உடைந்துவிட்டது. அடுத்த குப்பி வாங்க இன்னும் நாலு நாள். பேனா கட்டுப்படியாகாமல் விட்டுவிட்ட பக்கத்து வீட்டு மயினி, "இதுவும் அதே மருந்துதான் ஆச்சி" என்று பிரிக்காத கார்ட்ரிட்ஜ் ஒன்றைக் கொடுத்தார். மனசாரக் கொடுத்தார். ஆச்சி சிகப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தார்கள். 40 சிரிஞ்சில் 20 கோடு என்றால் அரை மில்லி. 100 மருந்தில் அரை மில்லி 50 யூனிட். போட வேண்டியதைப்போல் இரண்டரை மடங்கு. விடிகாலையில் சுகர் இறங்கி, வேர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறி, பாயிலேயே கிடந்தார்கள்.

தலைகீழாகவும் நடக்கும். ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 40 குப்பி மருந்தை 20 கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். சுகர் 400ஐத் தாண்டி நிற்கும். "வாயைக் கட்டவில்லை, இனிப்புத் தின்றிருப்பாள்" என்று அதற்கும் அவளையே திட்டுவார்கள்.

"லேபிளைப் படிக்க வேண்டாமா?" என்று கேட்டு நாலு பேர் எழுதியிருக்கிறீர்கள். கார்ட்ரிட்ஜை ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள். சுண்டுவிரல் தண்டி. அதில் கடுகு எழுத்தில் ஆங்கிலம். ஆச்சிக்குத் தமிழ் தெரியும், கணக்குத் தெரியும், ஆயிரம் பீடியை எண்ணிக் கட்டி ஒப்படைக்கிற கை அது. உலகத்தில் பல நாடுகள் குழப்பம் வேண்டாமென்று எப்போதோ 100க்கு மாறிவிட்டன. இங்கே 40ம் 100ம் ஒரே கடையில் ஒரே குளிர்பெட்டியில் இருக்கின்றன. இதைச் சரி செய்யாதவர்களை விட்டுவிட்டு ஆச்சியைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"கவர்ன்மென்டுதான் சும்மா தருதே" என்பது அடுத்த கேள்வி. தருகிறது, அதைப் பெருமையாகவே சொல்வேன். 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிட்டங்கி வழியாக ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவதால்தான் இந்த மாவட்டத்தில் எத்தனையோ பேர் உயிரோடு நடமாடுகிறார்கள். ஆனால் மருந்து மட்டும் போதாது அண்ணாச்சி. சுகர் எவ்வளவு என்று தெரியாமல் இன்சுலின் போடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்குகிற மாதிரி. சுகர் பார்க்கிற மீட்டரை மலிவாகத் தந்துவிடுவார்கள். ஆனால் அந்தக் கம்பெனி மீட்டருக்கு ரத்தச் சொட்டு வைக்கிற அந்தக் கம்பெனி ஸ்ட்ரிப்தான் சேரும், வேறொன்றைச் செருகினால் ஓடாது. ஸ்ட்ரிப் ஒன்று பதினைந்து, இருபது ரூபாய். உடம்பில் இன்சுலினே சுரக்காத டைப் 1 சர்க்கரை உள்ள பிள்ளைக்கு ஒரு நாளைக்கு நாலு தடவையாவது பார்க்க வேண்டும். மாதம் 120 ஸ்ட்ரிப், பதினைந்து ரூபாய் கணக்கில் 1,800. இலவச மருந்து வாங்கும் வீட்டில் அந்த 1,800 எங்கிருந்து வரும்?

மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் அம்மாக்களுக்குச் சோதிக்கும்போது விரல் நுனியில் குத்தக் கூடாது. இலையை மடக்குவதும் நூலைச் சுற்றுவதும் அந்த நுனிதான், நாளெல்லாம் வலிக்கும். பக்கவாட்டில் குத்த வேண்டும். அதற்கு முன்னால் சோப்புப் போட்டுக் கையைக் கழுவித் துடைக்க வேண்டும். பழம் உரித்த கையோடு குத்தினால் இல்லாத சுகரை மீட்டர் காட்டும், அதை நம்பி இரண்டு யூனிட் கூட்டிப் போட்டால் மறுபடி சுகர் இறங்கும். ஸ்ட்ரிப் டப்பா மூடியை உடனே மூடாமல் விட்டால் காற்று ஈரம் பட்டு மீதி ஸ்ட்ரிப்பும் கெடும். காசு போட்டு வாங்கினது அப்படியே குப்பைக்குப் போகும்.

"ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் எப்படியும் மருந்து கெட்டுத்தான் போகும்" என்று ஒருத்தர் தீர்ப்பே எழுதிவிட்டார். பிரிக்காத குப்பிக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும், சரி. ஆனால் ஃபிரீசர் பக்கம் வைத்து உறைந்துபோன இன்சுலினும் வீண்தான், ஃபிரிட்ஜ் உள்ள வீடுகளில் இதுவும் நடக்கிறது. பிரித்த குப்பி வீட்டுச் சூட்டில் நாலு வாரம் வரை தாங்கும். கென்யாவில் உள்ள அகதி முகாமின் வெயிலை அப்படியே ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கி, 25க்கும் 37க்கும் நடுவே ஏறி இறங்கும் சூட்டில் நாலு வாரம் வைத்து, வீரியம் குறையவில்லை என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் 2021இல் வெளியிட்டன. நமக்குக் காருக்குறிச்சி மண்பானை இருக்கிறது. பெரிய பானைக்குள் சின்னப் பானை, நடுவில் ஆற்று மணல், மணலுக்கு இரண்டு வேளை தண்ணீர், குப்பியை மூடி போட்ட டப்பாவில் வைத்துச் சின்னப் பானைக்குள். காற்றோட்டமான நிழலில் இருக்க வேண்டும், அடுப்படியில் வைத்தால் பிரயோசனமில்லை. போடுமுன் உள்ளங்கையில் பைய உருட்ட வேண்டும். கட்டி கட்டியாகவோ கண்ணாடியில் வெள்ளையாக ஒட்டியோ இருந்தால் கொட்டிவிட வேண்டியதுதான்.

விலையைப் பற்றிப் பேசினால் "கம்பெனிக்காரன் ஆராய்ச்சிக்குச் செலவழிச்சிருக்கான்லா?" என்பவர்களுக்கு நீட்டிச் சொல்லப்போவதில்லை. இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் 1923இல் ஆளுக்கு ஒரு டாலருக்குக் காப்புரிமையை டொராண்டோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். 1977இல் உலக சுகாதார நிறுவனம் போட்ட முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இன்சுலின் இருக்கிறது. நூறு வருசம் கழித்தும் உலகச் சந்தையின் பெரும்பங்கு மூன்று கம்பெனி கையில். பெரியவர்களுக்குப் பரவலாக வருகிற டைப் 2 சர்க்கரை நோயாளிகளில் இன்சுலின் தேவைப்படும் இரண்டு பேரில் ஒருத்தருக்குத்தான் அது கிடைக்கிறது. நியாயமான லாபத்தோடு விற்றாலும் மனித இன்சுலினை ஒருவருக்கு வருசத்துக்கு 48 முதல் 71 டாலருக்குள் தர முடியும் என்று 2018இலேயே ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். தென்னாப்பிரிக்க அரசுக்குப் பேனா இன்சுலின் தந்துவந்த, அந்த மூன்று கம்பெனியில் ஒன்றான நோவோ நார்டிஸ்க் 2024இல் அந்த ஒப்பந்தத்தைத் தொடரவில்லை. பேனாவுக்குப் பழகியிருந்தவர்கள் அங்கே குப்பிக்கும் சிரிஞ்சுக்கும் திரும்ப வேண்டியதாயிற்று. எங்கோ ஒரு அறையில் ஒரு கையெழுத்து நின்றால் அங்கே ஒரு ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புதிதாகக் கோடு எண்ண வேண்டியிருக்கிறது. அவளையும் அங்கே யாராவது படிக்காதவள் என்று சொல்லியிருப்பார்கள். இதை நினைத்தால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

நான் கம்பெனிகளுக்கு எதிரி, அரசியல் பேசுகிறேன் என்று கீழே எழுதப் போகிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். பாயில் கிடந்த ஆச்சியை எழுப்பப் பார்த்து, வாயில் சீனித்தண்ணியை ஊற்றாமல் உடனே ஆட்டோ பிடித்தாளே அந்தப் பேத்தி, அவளுக்குப் பதினாலு வயசு. நினைவு தப்பினவர்களுக்கு வாயில் ஊற்றினால் புரையேறி மூச்சடைக்கும். நினைவிருந்தால் மட்டும் மூணு டீஸ்பூன் சீனியைக் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இது அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆடியோவில் அவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஆச்சி வீட்டுக்கு வந்துவிட்டார்கள். புதுக் குப்பி கிடைத்துவிட்டது. பேத்தி அதன் கழுத்தில் பீடி நூலைச் சிகப்புச் சாயத்தில் முக்கிக் கட்டி வைத்திருக்கிறாள், சிகப்பு மூடி சிரிஞ்சு இதற்கு மட்டும்தான் என்பதற்கு. அந்த ஆடியோவை இன்னும் வைத்திருப்பவர்கள் அழித்துவிடுங்கள். அனுப்பியவர்களிடமும் சொல்லுங்கள், அவளும் அந்தக் குழுக்களில் இருக்கிறாள்.