பேக்கப்ப இறக்குன்னு ஒரே கத்தல்

சனிக்கிழமை ஆனா போதும், என் ரூம்மேட்டோட அமெரிக்கன் காலேஜ் ஃபுட்பால் ரோதனை தாங்கல. பந்த த்ரோ பண்ற குவார்ட்டர்பேக் ரெண்டு இன்டர்செப்ஷன் போட்டுட்டா, அதாவது த்ரோவ எதிர் டீம் புடிச்சுட்டா, சோஃபா பூரா சிப்ஸ் கொட்டிக்கிட்டே "அவன உக்கார வை, பேக்கப்ப (மாத்து ஆள) இறக்கு"ன்னு கத்தல். ஏன்டான்னா உடனே அலபாமா டீம் கதை, 2018 ஜனவரி ஃபைனல்ல ஹாஃப்டைம்ல 13-0ன்னு ஜார்ஜியா கிட்ட அடி வாங்கிட்டு இருந்தப்ப குவார்ட்டர்பேக் ஹர்ட்ஸ தூக்கிட்டு பேக்கப் டுவாவ இறக்கினாங்களாம், ஓவர்டைம்ல 26-23 ஜெயிச்சாங்களாம். சரிப்பா, அதே வருஷம் டிசம்பர்ல அதே ஜார்ஜியா கூட டுவா அடிபட்டு வெளிய போனப்ப வந்து காப்பாத்தினது யாரு, அதே ஹர்ட்ஸ்தானே? அது மட்டும் வசதியா மறந்துரும். இங்க இவன் டீம்ல குவார்ட்டர்பேக்க காப்பாத்த முன்னாடி நிக்கிற லைனே ஓட்டை, பந்து கைக்கு வந்து மூச்சு விடுறதுக்குள்ள நாலு பேர் மேல விழுறான், அவன் என்னத்த த்ரோ பண்ணுவான்? இதுல போன மாசம் அவன் நம்பர் ஜெர்சிய ஆசையா வாங்கினதே இவன்தான், இப்ப அதையே மாட்டிக்கிட்டு உக்காந்து அவனயே திட்டுறான்.