காட்பாடியில் இறங்கணும்னு யாராவது சொல்லியிருக்கணும்

வேலூருக்கு முதல் தடவை ரயிலில் வருகிறவர்கள் 'வேலூர் கண்டோன்மென்ட்' என்ற பெயரைப் பார்த்ததும் அதுதான் இறங்க வேண்டிய இடம் என்று நினைத்துக்கொள்வார்கள். ஊர் பேரே இருக்கே! ஆனால் சென்னை-பெங்களூர் வண்டிகள் நிற்பது காட்பாடியில். தெரிந்தவர் யாராவது சொன்னால்தான் உண்டு. நம் கேள்விக்கு ஏற்ற டூலை, அதாவது டேட்டா எடுத்துத் தரும் சின்ன ப்ரோகிராமை, தானே பார்த்துக் கூப்பிடும் ஏஐ ஏஜென்ட்டுக்கும் அப்படித்தான், டூலின் பெயரையும் அதன் கீழே நாம் எழுதும் நாலு வரி விளக்கத்தையும் வைத்துத்தான் அது முடிவு எடுக்கிறது, உள்ளே இருக்கும் ப்ரோகிராம் வரிகளை அது பார்ப்பதில்லை.

எதீரியம் என்ற கிரிப்டோ நெட்வொர்க்கில் வருமானத்துக்காகக் காசைப் பூட்டி வைப்பதை ஸ்டேக்கிங் என்பார்கள். அந்த டேட்டாவைக் கேட்டு வாங்கும் டூல்களுக்கு விளக்கம் எழுதுவது கொஞ்ச நாளாக என் வேலை. ஆளுக்கு ஆள் விளக்கத்தை இன்னொரு ஏஐ மாடலிடம் கொடுத்து "பத்துக்கு எத்தனை?" என்று மார்க் வாங்குகிறார்கள். நாங்களும் வாங்கினோம், ஒன்பது வந்தது. அந்த ஒன்பது மார்க் விளக்கம்தான் ராணிப்பேட்டையிலிருந்து வந்திருந்த அக்கா வீட்டு மாமா முன்னால் என் மானத்தை வாங்கியது.

வேலிடேட்டர் (ஸ்டேக் செய்தவரின் கணக்கு) விவரம் எல்லாம் பொதுவில் கிடைப்பதுதான், ஏதோ ஒரு எண்ணைக் கொடுத்துக் காட்டினேன். மாமா கேட்டது ஒரே கேள்வி: "இந்த ஆளு இப்ப பணத்த வெளிய எடுக்கலாமா?" ஏஜென்ட் தயங்கவே இல்லை. தாராளமாக எடுக்கலாம், கையிருப்பு 0.000000032 ஈதர் (எதீரியத்தின் காசு) என்றது.

"இன்னாடா இது, இதுக்கா ரூமை விட்டு வெளியவே வராம கீற?"

டூல் கொடுத்த எண் சரி: 32000000000, அதாவது 32 ஈதருக்கான க்வெய். க்வெய், வெய் இரண்டும் ஈதரின் சில்லறை, ஒரு ஈதருக்கு 10⁹ க்வெய், 10¹⁸ வெய். வேலிடேட்டர் கணக்கு க்வெய்யில் வரும், சாதாரண வாலட் கணக்கு வெய்யில் வரும். எங்கள் விளக்கத்தில் அலகே இல்லை, "வேலிடேட்டரின் பேலன்ஸைத் தரும்" என்பதோடு சரி. மாடல் தனக்குப் பழக்கமான 10¹⁸ஆல் வகுத்துவிட்டது. அதைவிடப் பெரிய தப்பு அந்தத் 'தாராளமாக'. பேலன்ஸ் இருக்கிறது என்றால் எடுக்கலாம் என்று ஆகாது, 32ஐ எடுக்க வேலிடேட்டரை எக்ஸிட் செய்து, அதாவது ஸ்டேக்கிங்கிலிருந்து விலக்கி, வரிசையில் நிற்க வேண்டும். இது விளக்கத்தில் இல்லாவிட்டால் ஏஜென்ட் பேங்க் அக்கவுண்ட் மாதிரிதான் நினைத்துக்கொள்ளும்.

இதாவது பார்த்ததும் சிரிப்பு வருகிற தப்பு. என்னைப் பயமுறுத்தியது வேறு. "போன ஏழு நாளில் எவ்வளவு வந்தது?" என்று கேட்டால் ஒரு எண் வரும், பார்க்க ஒழுங்காகவும் இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. ஏஜென்ட் செய்ததெல்லாம் பதிவாகும் லாகைத் திறந்து பார்த்தால் 'பீரியட்' என்ற இடத்தில் ஏஜென்ட் 7 என்று போட்டிருக்கிறது. அந்த டூலுக்குப் பீரியட் என்றால் எபோக். எதீரியத்தில் ஒரு எபோக் 32 ஸ்லாட், ஸ்லாட்டுக்கு 12 விநாடி, மொத்தம் 6.4 நிமிஷம். ஒரு நாளைக்கு 225 எபோக் என்றால் போட வேண்டியது 1575. ஒரு வார வருமானம் என்று அது சொன்னது முக்கால் மணி நேரத்துக் காசு! மார்க் போட்ட மாடலுக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் அது விளக்கத்தைப் படித்தது, ஓட்டிப் பார்க்கவில்லை.

அதனால் இப்போது மார்க் கிடையாது. ஜனங்கள் கேட்கிற மாதிரியே கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன். நம்ம ஊரில் யாரும் 'ரிவார்டு' என்று கேட்பதில்லை, "வட்டி எவ்ளோ வரும்?" என்றுதான் கேட்பார்கள், அதற்கு ஏஜென்ட் இனி வரப்போவதைச் சொல்ல வேண்டும், ஏற்கனவே வந்ததை எடுத்துக் கொடுக்கக் கூடாது. எந்த டூலையும் தொடவே கூடாத கேள்விகளும் உண்டு. சொலானா என்ற வேறு கிரிப்டோ நெட்வொர்க் பற்றிக் கேட்டால் எங்களிடம் இல்லை என்று சொல்ல வேண்டும், எதீரியம் எண்ணைத் தூக்கிக் கொடுக்கக் கூடாது. ஒரே கேள்வியைப் பல தடவை ஓட்ட வேண்டும், ஒரு தடவை சரியாகச் சொன்னது அடுத்த தடவை சொதப்பும்.

அப்புறம், எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன் என்று ஒரு பக்கத்துக்கு இழுத்தும் பார்த்தேன். அந்த டூல் தேறியது, பக்கத்து டூல்கள் கெட்டுப்போயின, டோக்கன் செலவு (மாடல் படிக்கும் எழுத்துக்கு ஆகும் காசு) வேறு. கடைசியில் நின்றது இவ்வளவுதான்: "எதீரியம் மட்டும். ஒரு வேலிடேட்டரின் தற்போதைய இருப்பு, க்வெய்யில். எடுக்கக்கூடிய தொகை இது அல்ல, அதற்கு எக்ஸிட் நிலை டூலைப் பார்." மார்க்குக்குக் கொடுத்தால் நாலு கூட வராது.

போன ஞாயிற்றுக்கிழமை மாமா திரும்ப வந்து அதே கேள்வியைக் கேட்டார். 32 ஈதர் உள்ளே இருக்கிறது, எக்ஸிட் செய்தால்தான் கிடைக்கும் என்றது ஏஜென்ட். மாமா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப சீட்டு மாதிரியா, நடுவுல தள்ளி எடுக்க முடியுமா?" என்று கேட்டார். அதற்கு ஒரு டூலைக் கூப்பிட்டு ஏதோ ஒரு எண்ணைச் சொன்னது. எதற்கு அந்த டூல் என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.