மாத்திரையை நிறுத்தச் சொல்ல நீங்கள் யார்?

ஞாயிற்றுக்கிழமை நம் பள்ளி பேட்ச் விழா மண்டபத்தில் நடந்ததைப் பற்றி இனி பேச வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்றிலிருந்து நம் பேட்ச் குழுவில் வருவதைப் படித்தால், தப்பு செய்தது நான்தான் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு கட்டிவிட்டது தெரிகிறது. "நல்லா போயிட்டிருந்த விழாவைக் கெடுத்துட்டே." "கூப்பிட்டு வந்த பெரிய மனுஷனை மேடையில வெச்சு அவமானப்படுத்திட்டே." வீடியோ எல்லோர் கையிலும் இருக்கிறது, அதனால் முழுக்கதையைத் திரும்பச் சொல்லவில்லை. நான் கத்தவில்லை, மைக்கைப் பிடுங்கவில்லை. இருந்த இடத்திலிருந்து எழுந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன்: ஐயா, எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள். அதற்குத்தான் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தீர்கள்.

மேடையில் பேச வந்திருந்த அந்தப் பெரிய மனுஷன் பேசிய முக்கால் மணி நேரத்தில் பெரும்பகுதி மேல் எனக்குப் புகார் கிடையாது. காலையில் நடங்கள், பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுங்கள், ராத்திரியில் போனைத் தள்ளி வையுங்கள் என்றார், சரி. கடைசியில்தான், மனசுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் யாராவது இங்கே இருந்தால் வீட்டுக்குப் போனதும் அதைக் குப்பையில் போடுங்கள், மன உறுதியைவிடப் பெரிய மருந்து இல்லை என்றார். மண்டபமே கை தட்டியது. முந்நூறு பேர் இருந்திருப்போம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை 2015-16இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு அப்போது இருந்தது தெரியவந்தது. அந்தக் கணக்கை வைத்தால் அந்த மண்டபத்தில் முப்பது பேர். மனச்சோர்வு, பதற்றம் மாதிரியான பாதிப்பு உள்ளவர்களில் 85 சதவீதம் பேர் சிகிச்சையே பெறுவதில்லை என்றும் அதே கணக்கெடுப்பு சொல்கிறது. அப்படியானால் தயங்கித் தயங்கி டாக்டரிடம் போய் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் அந்த முப்பதில் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். அந்த நாலைந்து பேரிடம்தான் அவர் பேசினார், அவர்களைச் சுற்றி உட்கார்ந்துதான் நீங்கள் கை தட்டினீர்கள்.

எனக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று கேட்டவர்களுக்கு என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், "எழுது, இனிமே யார்கிட்ட மறைக்கப் போறோம்" என்றான்.

அண்ணனுக்குப் பைபோலார், இருமுனைக் கோளாறு. மனசு ஒருசமயம் உச்சத்துக்கு ஏறும், ஒருசமயம் பாதாளத்துக்கு இறங்கும். இருபத்து மூன்று வயதில் வந்தது. மனநிலையைச் சமமாக வைக்கிற லித்தியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஐந்து வருடம் ஒரு குறையும் இல்லாமல் அச்சகத்தில் வேலை பார்த்தான். 2009இல் ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உறவினர் ஒருவர், "லித்தியமா? அது பேட்டரியில போடுறதுப்பா, கிட்னியைத் தின்னுடும்" என்று சொல்லியிருக்கிறார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அன்பில்தான் சொன்னார். அண்ணன் யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டான். ஒரு மாதம்வரை வித்தியாசமே தெரியவில்லை. இன்னும் தெம்பாகக்கூட இருந்தான். அப்புறம் தூக்கம் குறைந்தது. நாலு மணி நேரம், ரெண்டு மணி நேரம், கடைசியில் தூக்கமே இல்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தான். தெருவில் இருப்பவர்களுக்கெல்லாம் செருப்பு வாங்கிக் கொடுக்கிறேன் என்று கடன் வாங்கினான். அம்மாவின் சங்கிலி போனது, அச்சக வேலை போனது. ஏறியதெல்லாம் இறங்கியபோது ரெண்டு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தான். ஒருநாள் சாயங்காலம் அவனை இழந்திருப்போம், பக்கத்து வீட்டு அக்கா ஏதோ சந்தேகப்பட்டு எட்டிப் பார்த்ததால் பிழைத்தான். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரியில் அம்மா வயிற்றுவலி என்று பொய் சொன்னாள். அப்போது தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்க இந்திய தண்டனைச் சட்டத்தில் 309ஆம் பிரிவு இருந்தது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம்தான், அப்படி முயன்றவர் கடுமையான மன உளைச்சலில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று சொன்னது.

லித்தியம் சிறுநீரகத்தையும் தைராய்டையும் பாதிக்கக்கூடியதுதான், அந்த உறவினர் சொன்னது முழுப்பொய் இல்லை. அதனால்தான் சில மாதங்களுக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து அளவு பார்க்கிறார்கள். அளவு குறைந்தால் வேலை செய்யாது, கூடினால் நஞ்சு. கை அதிகமாக நடுங்கினால், வாந்தி பேதி வந்தால் உடனே காட்ட வேண்டும், வெயில் காலத்தில் தண்ணீர் குறையக் கூடாது, மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போடக் கூடாது. இதெல்லாம் டாக்டருக்குத் தெரியும், இன்று என் அண்ணனுக்கும் தெரியும். பந்தியில் உட்கார்ந்திருந்தவருக்குத் தெரியாது, மேடையில் நின்றவருக்கும் தெரியாது. லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பும் ஆபத்தும் தற்கொலை ஆபத்தும் கூடுகிறது என்பதும் அவர்களுக்குத் தெரியாது. எழுதிக் கொடுத்தவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

"எல்லாரும் உங்க அண்ணன் மாதிரியா? சாதாரண டிப்ரஷனுக்கு எதுக்கு மாத்திரை?" என்று குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். கேள்வி நியாயமானது. லேசான மனச்சோர்வுக்கு எடுத்த எடுப்பில் மாத்திரை தேவையில்லை. பேச்சு சிகிச்சை, நடை, ஒழுங்கான தூக்கம் இவற்றிலேயே சரியாகிறவர்கள் உண்டு. தைராய்டு குறைவும் ரத்தசோகையும்கூட மனச்சோர்வு மாதிரியே வேஷம் போடும், அதையும் முதலில் பார்ப்பார்கள். ஆனால் ரெண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் பிடிப்பில்லாமல், சாப்பாடும் தூக்கமும் கெட்டு, வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறவரிடம் போய் காலையில் அஞ்சு மணிக்கு எழுந்திரு என்றால்? அவருக்குப் பல் தேய்க்க எழுந்திருப்பதே மலை. எழுந்து நடக்கிற தெம்பைக் கொடுப்பதற்குத்தான் அந்த மாத்திரை.

அது எப்படி வேலை செய்கிறது என்று எனக்கு நேரடியாகவே தெரியும். 2016இல் பஸ்ஸில் போகும்போது நெஞ்சு அடைத்து, கை மரத்து, செத்துவிட்டேன் என்றே நினைத்தேன். மூன்று தடவை ஆஸ்பத்திரி, மூன்று தடவையும் ஈசிஜி சரியாக இருந்தது. "உங்களுக்கு ஒண்ணும் இல்லை" என்று அனுப்பினார்கள். ஒன்றும் இல்லாமலா ஒருத்தன் பஸ்ஸில் ஏறவே பயந்து ஐந்து மாதம் வீட்டில் கிடப்பான்? நாலாவது தடவை ஒரு இளம் டாக்டர்தான் பேனிக் அட்டாக்காக, திடீரென்று வரும் கடும் பதற்றமாக இருக்கலாம், மனநலப் பிரிவில் காட்டுங்கள் என்றார். எஸ்சிட்டலோபிராம் என்ற மாத்திரை கொடுத்தார்கள். முதல் வாரம் குமட்டல், தலைவலி, பதற்றம்கூட ஒரு படி ஏறியது. நல்லது எதுவும் தெரிய ரெண்டு, மூன்று வாரம் ஆகும், முழுப் பலன் தெரிய ஒன்றரை மாதம்கூட ஆகலாம் என்று டாக்டர் முன்பே சொல்லி வைத்திருந்ததால் தாங்கினேன். பலர் இந்த முதல் வாரத்தில்தான் "ஒத்துக்கலை" என்று விட்டுவிடுகிறார்கள். கூடவே ஒரு உளவியலாளரிடம் பன்னிரண்டு வாரம் போனேன். பயத்தைத் தவிர்க்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகச் சொல்லிக் கொடுத்தார்கள், முதலில் ஒரு ஸ்டாப், அப்புறம் ரெண்டு ஸ்டாப். சரியான பிறகும் ஒரு வருடம் மாத்திரை சாப்பிட்டு, டாக்டர் சொன்னபடி அளவைக் குறைத்துக் குறைத்து நிறுத்தினேன். நிறுத்தவே முடியாது, அடிமையாகிவிடுவோம் என்கிறவர்களுக்கு இதுதான் என் பதில். சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றலும் மண்டைக்குள் கரண்ட் பாய்வது போன்ற உணர்வும் வரலாம். அது போதை இல்லை, குறைத்து நிறுத்த வேண்டும் என்பதற்கான அடையாளம்.

தூக்க மாத்திரை வேறு. அல்பிரசோலம் மாதிரியானவை பழக்கமாகும், சில வாரத்துக்கு மேல் கவனமாக இருக்க வேண்டும். சீட்டே இல்லாமல் அதைக் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன, அஞ்சு நிமிடம்கூடக் கேட்காமல் எழுதித் தள்ளுகிற டாக்டர்களும் இருக்கிறார்கள். மருந்து கம்பெனிகள் லாபத்துக்குத்தான் நடக்கின்றன. எல்லாம் ஒத்துக்கொள்கிறேன். அதற்கு வழி இன்னொரு டாக்டரைப் பார்ப்பது. குப்பைத்தொட்டி இல்லை.

"எங்க பாட்டி பத்துப் பிள்ளை பெத்தா, அவளுக்கெல்லாம் டிப்ரஷன் வரலை" என்று எழுதியவருக்கு நான் பொறுமையாகப் பதில் சொல்லப் போவதில்லை. வரவில்லை என்று யார் சொன்னது? பிள்ளை பெற்ற வீட்டில் பச்சைக்குழந்தையைத் தொடாமல் மூலையில் உட்கார்ந்திருந்தவளைப் பேய் பிடித்தது என்று வேப்பிலை அடித்தோம். நாள் முழுக்கக் கை கழுவித் தோல் உரிந்தவளைச் சுத்தக்காரி என்று மெச்சினோம். காதில் குரல் கேட்டவனைச் சங்கிலியில் கட்டினோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டியிருந்த காரணத்தால் ஓட முடியாமல் எரிந்து போனவர்கள் 28 பேர். அவர்களும் யாருக்கோ அம்மாவும் அண்ணனும்தான். பழைய காலத்தில் நோய் இல்லை என்று சொல்லாதீர்கள், பேர்தான் இல்லை.

சாமியை நம்புகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. எங்கள் அம்மா குணசீலம் பெருமாள் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு அண்ணனைக் கூட்டிப் போனாள், நானும் கூடப் போனேன். தீர்த்தமும் வாங்கினோம், மாத்திரையும் கையில் இருந்தது. ரெண்டும் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளவில்லை.

மூளைக்குக் கொஞ்சம் மின்சாரம் செலுத்துகிற கரண்ட் ஷாக் சிகிச்சை பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஆமாம், அண்ணனுக்குக் கொடுத்தார்கள், ஆறு தடவை. மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்தார்கள். மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் செய்யவே கூடாது என்று இன்று சட்டம் இருக்கிறது. சில வாரம் சின்னச் சின்ன ஞாபகங்கள் குழம்பின. ஆனால் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தவன் மூன்றாவது தடவைக்குப் பிறகு எழுந்து உட்கார்ந்து அம்மாவிடம் காபி கேட்டான். அந்தக் காபியை அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இன்றைக்கு அவன் சொந்தமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். இவ்வளவு நன்றாக இருக்கிறவனுடைய மாத்திரையை எங்கள் வீட்டில் பல வருடம் சத்துமாவு டப்பாவுக்குள் ஒளித்துத்தான் வைத்திருந்தோம். யாராவது கேட்டால் சத்து மாத்திரை என்போம். சர்க்கரை மாத்திரையை எல்லோர் முன்னாலும் விழுங்கலாம், பிரஷர் மாத்திரையைப் பெருமையாகக்கூடச் சொல்லலாம், இதை மட்டும் ஒளிக்க வேண்டும். கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப் பேரையே வசவாக்கி வைத்திருக்கிறோம். அங்கே இருப்பது 1794இல் தொடங்கிய மனநல ஆஸ்பத்திரியின் வாரிசு, எத்தனை ஆயிரம் குடும்பங்கள் அதனால் தலை நிமிர்ந்தன. நம் பள்ளியில் அந்தப் பேரைச் சொல்லித்தான் ஒருவரையொருவர் கேலி செய்தோம், நானும்தான் செய்தேன். அண்ணனுக்கு வரும்வரை செய்தேன்.

டாக்டருக்குப் பணம் எங்கே என்று கேட்பவர்களுக்கு: அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, மாத்திரை இலவசம். 14416க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழில் பேசுவார்கள். கவுன்சிலிங் போகிறவர்கள் அவர் முறையாகப் படித்தவரா என்று கேட்டுவிட்டுப் போங்கள், கேட்பது தப்பே இல்லை.

ஞாயிறு ராத்திரி பதினொன்றரை மணிக்கு நம் பேட்ச்சிலிருந்து ஒருவன் கூப்பிட்டான். பேர் சொல்ல மாட்டேன், இதை எழுதலாம் என்று மட்டும் அனுமதி கொடுத்திருக்கிறான். மூன்று வருடமாக மனசுக்கான செர்ட்ராலின் மாத்திரை சாப்பிடுகிறானாம், மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாதாம். "நீ எழுந்து பேசினப்போ நான் உன் பின் வரிசையிலதான் இருந்தேன். எல்லாரும் தட்டினாங்கன்னு நானும் கை தட்டினேன்டா" என்றான். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. இன்றைக்கு ராத்திரி மாத்திரையை இன்னும் போடவில்லை, கையில்தான் வைத்திருக்கிறேன், அவர் சொன்ன மாதிரி எனக்கு மன உறுதிதான் இல்லையோ என்றான். போடு, நாளைக்கு உன் டாக்டரிடம் கேள், இப்போது போடு என்றேன். இரு என்றான். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது, டம்ளரைக் கீழே வைக்கிற சத்தமும் கேட்டது. அதுவரை நான் போனை வைக்கவில்லை.