கத்தாத ஆளை முதலில் பாருங்கள்

பேரிடர் மீட்புத் தன்னார்வலர் பயிற்சியின் கடைசி நாள் ஒத்திகை. இருட்டாக்கிய கூடம், கவிழ்த்துப் போட்ட மேசைகள், காயம்பட்டவர்களாக நடிக்கப் பத்துப் பன்னிரண்டு பேர். உள்ளே நுழைந்ததுமே ஒருவர் காலைப் பிடித்துக்கொண்டு அலறினார். நேராக அவரிடம் ஓடி மண்டியிட்டுக் கட்டுப்போட ஆரம்பித்தேன். நல்ல கட்டுதான். முடித்து நிமிர்ந்தபோது பயிற்சியாளர் மூலையைக் காட்டினார். சுவரில் சாய்ந்து, தலை மார்பில் கவிழ்ந்தபடி ஒரு பெண். சத்தமே இல்லை. "தலையை நிமிர்த்தி மூச்சுக்கு வழி விட்டிருந்தால் பிழைத்திருப்பார். இப்போது நேரம் போய்விட்டது" என்றார்.

நடிப்புதான். ஆனாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அலறுகிறவருக்கு மூச்சு இருக்கிறது. மூச்சுக்குத் திணறுகிறவரால் கத்த முடியாது. சொன்னால் எவ்வளவு எளிது! அந்தக் கூடத்தில் என் கால் தானாகச் சத்தம் வந்த பக்கம்தான் போனது. அதை மாற்றத்தான் 'ட்ரையாஜ்', அதாவது யாரை முதலில் கவனிப்பது என்று காயம்பட்டவர்களைப் பிரிக்கும் முறையைச் சொல்லித் தருகிறார்கள். முதலில், "நடக்க முடிந்தவர்கள் என் குரல் வரும் பக்கம் வாருங்கள்" என்று கூப்பிட வேண்டும். வருகிறவர்களுக்குப் பச்சை அட்டை, அவர்கள் காத்திருக்கலாம். மற்றவர்களிடம் மூச்சு, நாடி, சொன்னதைச் செய்கிறார்களா என்று பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 30 முறைக்கு மேல் மூச்சு வாங்கினால் சிவப்பு, உடனே கவனிக்க வேண்டியவர். ஓர் ஆளுக்கு ஒரு நிமிடம் கூடக் கிடையாது. மூச்சுப் பாதையைத் திறந்துவிட்டும் மூச்சு வராதவருக்கு, இனிக் காப்பாற்ற முடியாது என்று கறுப்பு அட்டை வைத்துவிட்டு நகர வேண்டும். அந்த நகர்தலைப் புத்தகத்தில் படித்துப் பழக முடியாது.

"இதெல்லாம் தீயணைப்புத் துறையின் வேலை, நமக்கு எதற்கு?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அவர்கள் வந்து சேரும்வரை யார் இருப்பார்கள்? 1995இல் ஜப்பானின் கோபே நிலநடுக்கத்தில் இடிபாடுகளிலிருந்து உயிரோடு வெளியே வந்தவர்களில் பெரும்பாலோரைத் தூக்கியது குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும்தான். 1985 மெக்சிகோ நகர நிலநடுக்கத்தில் பயிற்சியே இல்லாத பொதுமக்கள் 800க்கும் மேற்பட்டவர்களைக் காப்பாற்றினார்கள். அந்த முயற்சியில் அவர்களிலேயே 100 பேருக்கு மேல் இறந்தும் போனார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் லாஸ் ஏஞ்சல்ஸ் தீயணைப்புத் துறை பொதுமக்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தது.

அந்த நூறு பேரை என்னால் மறக்க முடியவில்லை. அவர்களிடம் துணிச்சலுக்குக் குறைவே இல்லை. எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லித்தர ஆள்தான் இல்லை. எங்கள் பயிற்சியில் பாதி நேரம் இதற்கே போனது. தனியாக உள்ளே போகாதே. கேஸ் வாசனை வந்தால் சுவிட்சைத் தொடாதே. கான்கிரீட் பலகையைக் கடப்பாரையால் ஓர் அங்குலம் தூக்கினால், உடனே அந்த இடைவெளியில் மரக்கட்டையைச் செருகு, அப்புறம்தான் அடுத்த அங்குலம். அவசரப்பட்டு மூன்று அங்குலம் தூக்கினோம், பலகை வழுக்கியது. கீழே இருந்தது பொம்மை என்பதால் தப்பித்தோம்.

ஒரு விஷயம் மட்டும் மனதை உறுத்துகிறது. சில வருடங்களுக்கு முன் வேறொரு இடத்தில் ஒருநாள் பயிற்சிக்குப் போனேன். தொப்பி, சான்றிதழ், குழுப் புகைப்படம். அதோடு சரி, யாரும் மறுபடி கூப்பிடவே இல்லை. நெஞ்சை அழுத்தும் சி.பி.ஆர். கூட, செய்து பார்க்காவிட்டால் சில மாதங்களிலேயே கைவிட்டுப் போய்விடும். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், பெரியவர்களுக்குக் குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழம். இந்த முறை பொம்மையில் செய்தபோது நான் பாதி ஆழம்கூட அழுத்தவில்லை. சான்றிதழ் மட்டும் பத்திரமாக வீட்டில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது கூப்பிடாத பயிற்சியை நடத்துகிறவர்கள் தயவுசெய்து யோசியுங்கள். உங்களை நம்பி ஒருவர் இடிபாட்டுக்குள் போகப் போகிறார்.

எங்கள் குழு அடுத்த ஒத்திகைக்குத் தயாராகிறது. காயம்பட்டவர்களாக நடிக்க ஆட்கள் தேவை. சத்தமே போடாமல் மூலையில் உட்காரச் சம்மதிக்கிறவர்கள் இரண்டு பேராவது வேண்டும். இந்த முறை அவர்களிடம் முதலில் போய்ச் சேரப் பார்க்கிறேன்.