ஆட்டோ கட் இருந்தாலும் தைல அடுப்பை விட்டுவிட்டுத் தூங்கக்கூடாது

"கேஸ் அடுப்பில் ஆட்டோ கட் இருந்தால் யூகலிப்டஸ் தைலம் காய்ச்ச வைத்துவிட்டுத் தூங்கலாம், தண்ணீர் வற்றினால் தானாக நின்றுவிடும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் சுற்றுகிறது. இது தவறு. ஆபத்தான தவறு.

ஆட்டோ கட் என்பது சுடர் அணைந்தால் கேஸை நிறுத்தும் ஒரு வால்வு. அந்த வால்வுக்குத் தெரிவது ஒன்றுதான்: பர்னரில் சுடர் இருக்கிறதா, இல்லையா. பர்னர் ஓரத்தில் குச்சி போல நீட்டிக்கொண்டிருக்கிறதே, தெர்மோகப்பிள், அதன் நுனி சூடாக இருக்கும்வரை அதில் உண்டாகும் சில மில்லிவோல்ட் மின்சாரம் வால்வைத் திறந்து பிடித்திருக்கும். சுடர் அணைந்து நுனி ஆறினால்தான் வால்வு மூடும். எரிந்த அடுப்பை அணைத்துவிட்டுக் காது கொடுத்துப் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் 'டிக்' என்று கேட்கும். அடுப்போடு வந்த கையேட்டிலும் பார்க்கலாம்.

பாத்திரம் வற்றினாலும் சுடர் எரிந்துகொண்டேதான் இருக்கும். ஆவியைக் குளிரவைத்துத் தைலமாக்கும் தண்ணீர் நின்றால் தைல ஆவி அப்படியே வெளியே வரும், அது தீப்பற்றக்கூடியது. ஹோஸில் கசிவு வந்தாலும் வால்வுக்குத் தெரியாது. எல்பி கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். குளிருக்கு ஜன்னலை அடைத்துவைக்கும் தோட்டத்து லய (வரிசை) வீடுகளில் நிலைமை இன்னும் மோசம்.

காய்ச்சும்போது ஒருவர் பக்கத்திலேயே இருங்கள். முடிந்ததும் ரெகுலேட்டரையும் மூடுங்கள். அந்தச் செய்தி வந்திருந்தால் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள், அனுப்பியவரிடமும் இதைச் சொல்லுங்கள்.