கரந்தை வக்கீலின் கண்

தமிழவேள் உமாமகேசுவரனார் என்றதும் தஞ்சாவூர்க் கரந்தைத் தமிழ்ச் சங்கம் நினைவுக்கு வரும். அவர் தஞ்சாவூரில் வக்கீலாக இருந்தவர் என்பது அடுத்த வரியில் போகிற போக்கில் வரும். ஒவ்வொரு மே மாதமும் இதைப் பார்க்கிறேன். 7ஆம் தேதி பிறந்தநாள், 9ஆம் தேதி நினைவுநாள் (1883, 1941). இரண்டு நாளும் ஒரே புகழுரை: தமிழ்த்தொண்டர், தூய தமிழ்க் காவலர். எல்லாம் சரிதான். ஆனால் எனக்கென்னவோ அந்தப் போகிற போக்கில் வரும் வரிதான் விஷயமாகப் படுகிறது.

திருவையாற்றுக் கல்லூரிக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சை மராட்டிய அரசர்களின் அறக்கட்டளைப் பணத்தில் நடந்த கல்லூரி. அங்கே வடமொழிதான் பாடம், தமிழுக்கு இடமில்லை. மேடை போட்டுக் கொதித்திருக்கலாம், கொதிக்க ஆளும் இருந்தது. சர் ஏ. டி. பன்னீர்செல்வம் அப்போது மாவட்டக் கழக (ஜில்லா போர்டு) தலைவர். அவரும் நம் வக்கீலும் செய்தது வேறு. அறக்கட்டளையின் மூல ஆவணத்தில் என்னதான் எழுதியிருக்கிறது என்று தேடிப் பார்த்தார்கள். வடமொழிக்கு மட்டும் என்று அதில் இல்லையாம்! தமிழ் உள்ளே வந்தது, கல்லூரியின் பெயரும் அரசர் கல்லூரி ஆனது. பின்னால் அங்கே படித்துப் புலவர் பட்டம் பெற்றவர்கள் எத்தனையோ பேர். அத்தனைக்கும் ஆரம்பம், எல்லாரும் 'அப்படித்தான்' என்று நம்பிய ஒன்றை ஒருவர் பத்திரத்தோடு ஒத்துப் பார்த்தது.

அந்தக் கண்தான் அவருடைய சொத்து என்று நினைக்கிறேன்.

1911இல் சங்கத்தைத் தொடங்கியது தம்பி இராதாகிருஷ்ண பிள்ளை. அண்ணன் முதல் தலைவர். சில ஆண்டுகளில் தம்பி போய்விட, அதன்பின் சாகும்வரை பாரம் முழுதும் அண்ணன் தலையில். காலையில் கோர்ட்டு, மாலையில் சங்கம். ஏழைகளிடம் பீஸ் வாங்கமாட்டார் என்று சொல்வார்கள். இதற்கிடையில் வட்டக் கழக (தாலுகா போர்டு) தலைவராக இருந்து ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தது, கூட்டுறவு அச்சகம் என்று ஒரு பட்டியலே உண்டு. அதை விட்டுவிடுகிறேன்.

1925இல் 'தமிழ்ப்பொழில்' மாத இதழ் வந்தது. அந்தக் காலத்தில் சோழர் வரலாறு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கிடந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளையே ஹுல்ட்ஸ் என்ற ஜெர்மானியர் படியெடுத்து ஆங்கில மொழிபெயர்ப்போடு பதிப்பித்த தொகுதியில்தான் பார்க்க வேண்டும். கோயிலுக்குப் பக்கத்துத் தெருக்காரன் அதை எங்கே படிப்பான்? கும்பகோணத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த சதாசிவ பண்டாரத்தார் போன்றவர்கள் தமிழ்ப்பொழிலில் எழுதினார்கள். பிற்காலத்தில் சோழர் வரலாற்றைத் தமிழில் முழுதாக எழுதப்போகிறவர் அவர்.

அப்புறம், சங்கம் காத்துவைத்த சோழர் செப்பேடுகள். முதலாம் ராஜேந்திரனின் 8ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை, அதாவது சுமார் 1020. திரிபுவனமாதேவிச் சதுர்வேதிமங்கலம் என்ற பிரமதேயத்தை, அதாவது பிராமணர்களுக்கான நிலக்கொடையை, கொடுத்த ஆவணம். சோழர் செப்பேடுகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், அரசன் புகழ்பாடும் மெய்க்கீர்த்தி ஒருபக்கம் இருக்க, பக்கம் பக்கமாக எல்லை சொல்லிக்கொண்டே போகும்: இந்த வாய்க்காலுக்கு வடக்கு, இந்த வதிக்கு மேற்கு, பிடி (பெண்யானை) சூழ்ந்து, கல்லும் கள்ளியும் நாட்டி. தமிழாசிரியருக்கு அலுப்புத் தட்டுகிற இடம் அது. சிவில் வக்கீலுக்கு? அன்று காலைதான் ஒரு கிரயப் பத்திரத்தில் செக்குபந்தி (நான்கு எல்லை) பார்த்துவிட்டு வந்திருப்பார்! ஆயிரம் வருஷத்துச் செம்பும் முத்திரைத்தாளும் அவருக்கு ஒரே குடும்பமாகத் தெரிந்திருக்காதா? இது என் ஊகம்தான், ஆனால் விடமாட்டேன்.

இன்று இதே முகநூலில் ராஜராஜனுக்குச் சாதிச் சான்றிதழ் எழுதிக் கொடுக்கிறவர்களைப் பார்க்கிறேன். ஒரு கல்வெட்டின் படியையாவது தேடிப் பார்த்தவர் அதில் எத்தனை பேர்? நம் ஊர்களில் வக்கீலுக்குப் பஞ்சமில்லை. பழைய தானப் பத்திரமும் இனாம் பதிவேடும் படிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். வாரத்தில் ஒரு மாலை ஊருக்குக் கொடுத்தால் போதும் என்று ஒரு இளம் வக்கீல் நண்பரிடம் சொன்னேன். "அண்ணே, வாய்தா வாங்கவே நேரம் பத்தலை" என்றார். 1920களிலும் வாய்தா இருந்தது தம்பி.

கடைசிப் பயணம் சாந்திநிகேதனுக்கு. தாகூரின் நிறுவனத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு, அதுபோல் கரந்தையில் ஒன்றை வளர்க்கும் எண்ணம். 1938இல் புலவர் கல்லூரி தொடங்கியிருந்தது, மேலே கொண்டுபோக வேண்டும். திரும்பும் வழியில் அயோத்திக்கு அருகே உயிர் போயிற்று. ஊர் வந்து சேரவில்லை.

சங்கம் காத்துவைத்த அந்தச் செப்பேடுகளை இந்தியத் தொல்லியல் துறை 1984இல் கே. ஜி. கிருஷ்ணன் பதிப்பாக வெளியிட்டது. செப்பேடுகள் பொதுவாகக் கிடைத்த ஊரின் பெயரால் அறியப்படும். இவை கிடைத்தது புத்தூரில். நூலின் தலைப்பு, 'முதலாம் ராஜேந்திர சோழனின் கரந்தைத் தமிழ்ச் சங்கச் செப்பேடுகள்'.